கமிஷன் நின்ற சாரல்

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் எனக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மருந்து மொத்தக் கடையில் லைனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக ஏறி, என்ன வேண்டும் என்று எழுதி வாங்கி, அடுத்த நடையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரு நாள் குற்றாலம், செங்கோட்டை, புளியறை. மறுநாள் சுரண்டை, வீரகேரளம்புதூர். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்ததால் அந்த வகுப்புப் பாடம் மட்டும் எனக்கு மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். அதில் சதவீதக் கணக்கும் இருந்தது. முதலாளி என்னை எடுத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

விற்கிற சரக்கின் விலையில் நூற்றுக்கு இரண்டு எனக்கு. இதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு ஒரு உண்மை விளங்கியது. ஒரு பெட்டி டானிக் விற்பதும் ஒரு மூட்டை மாத்திரை விற்பதும் ஒன்று. மூட்டையைச் சைக்கிளில் மிதிக்க வேண்டும். அதனால் டானிக் விற்றேன். செங்கோட்டையில் பசி இல்லாதவர்களுக்குப் பசி வர விற்றேன், சுரண்டையில் பசி இருந்தவர்களுக்கு உடம்பில் ஒட்ட விற்றேன். மலை ஏறினால் ரத்தம் குறையும் என்ற செய்தியைப் புளியறை செக்போஸ்டில் நிற்கிற லாரி டிரைவர்களிடம் பரப்பியது நான்தான். அதற்கப்புறம் புளியறைக் கடைக்காரர் என்னைக் கண்டால் டீ சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.

நான் மட்டும் அயோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மேலே முதலாளி, அவருக்கு மேலே மதுரையில் ஒருவர், எனக்குக் கீழே கடைக்காரர், எல்லாருக்கும் விலையில்தான் பங்கு. மலிவான மருந்து ஒன்று இத்தனை கைகளைத் தாண்டி வர வேண்டும். எந்தக் கையும் அதை ஆசையாகப் பிடிக்காது. டானிக் பெட்டியை மட்டும் பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல் ரெண்டு கையாலும் வாங்குவார்கள்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பாய் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். ஆனி மாசம், சாரல் விழுந்து கூட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒரு அண்ணாச்சி, நாற்பது வயசிருக்கும், டாக்டர் சீட்டோடு அந்தக் கடைக்கு வருவார். நான் இருக்கும்போதே மூன்று தடவை வந்துவிட்டார்.

"பாய், இதுல உள்ளது வந்துட்டா?"

பாய் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவன்ட்டக் கேளும் வே. ஏலே, அந்த மாத்திர எங்கலே?"

"அடுத்த வாரம் பாய்."

"போன வாரமும் அடுத்த வாரம்னுதானல சொன்ன?"

"ஆமா. நான் பேச்சு மாறவே இல்லயே."

"கேட்டீராவே? இவனுக்கு நாக்குல எலும்பு கெடயாது. நீரு தென்காசிக்கே போயி வாங்கிட்டு வந்துரும்."

"எங்கன பாய் போக? சீசன்ல எந்திரிச்சா எடம் போயிரும்லா" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அது உண்மை. அருவிக்கரையில் எண்ணெய்க்காரர்களுக்கு ஆளுக்கொரு பாறை. பட்டா எல்லாம் கிடையாது. எவர் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறதோ அவர் பாறை. ஒண்ணுக்குப் போகலாம், டீ குடிக்கப் போகலாம். அரை நாள் ஆளைக் காணவில்லை என்றால் அங்கே வேறு பாட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த ரெண்டு மாசச் சம்பாத்தியத்தில்தான் அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

அந்த மாத்திரை ராத்திரிக்கு ஒன்று, பொடிசு, வெள்ளை. ஏதோ தூக்க மாத்திரை என்று நினைத்திருந்தேன். ஒரு மாசத்து மாத்திரையில் என் பங்கைப் போட்டுப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் சைபர்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம், ஆர்டர் எழுதிவிட்டு அருவியில் ஒரு முழுக்குப் போடலாம் என்று போனேன். முதலாளிக்குத் தெரியாமல் நானே எனக்குக் கொடுத்துக்கொள்கிற கமிஷன் அது. காலை பத்து மணி. அந்த அண்ணாச்சி பாறையில் ஒரு தடித்த மனிதரை உட்கார வைத்து முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் மதுரைக்காரர். தலையிலிருந்து எண்ணெய் வழிந்ததால் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நான் சட்டையைக் கழற்றும்போது அண்ணாச்சியின் கை நின்றது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போனது. அப்படியே சாய்ந்தார்.

யாரும் கத்தவில்லை. பக்கத்துப் பாறைக்காரர்கள் ரெண்டு பேர் பூனை மாதிரி வந்து அவரைத் தூக்கிப் பாறைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். ஒருவர், துணி மாற்றுகிறவருக்கு மறைவு கட்டுவதுபோல் ஈரத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் என்னைப் பார்த்துக் கண்ணால் முதுகைக் காட்டினார். "நிக்காதல. கைய வையி" என்று வாய் மட்டும் அசைந்தது.

அவர்களுக்குள் அப்படி ஒரு முறை உண்டு என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்னொரு கை அந்த முதுகில் இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கண் திறந்து எழுந்து கேள்வி கேட்கக் கூடாது. மற்ற எல்லாக் கையும் வேலையாக இருந்தது. சும்மா இருந்தது என் கைதான்.

வைத்தேன்.

"என்னய்யா, கை திடீர்னு சின்னதாப் போச்சு?" என்றார் மதுரைக்காரர்.

"முதுகுக்கு மேல நரம்பு பொடியா இருக்கும் சார். அங்கன பிடியச் சுருக்கிப் போடணும்."

"மதுரையில ஒருத்தனும் இதச் சொன்னதில்லையே."

"அவங்களுக்கெல்லாம் தொழில் தெரியாது சார்."

"குரலும் ஒரு மாதிரியா இருக்கே?"

"சாரல் தொண்டைக்குச் சேரல சார்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இன்னும் கொஞ்சம் கீழே என்றார். நான் அதுவரை சைக்கிள் செயினுக்குத்தான் எண்ணெய் போட்டிருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமலே அருவிப் பக்கம் தடவிக்கொண்டு போனார், நாளைக்கும் வருவேன் என்று சொல்லிக்கொண்டே.

பாறைக்குப் பின்னால் அண்ணாச்சிக்கு நினைவு திரும்பியிருந்தது. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்ததும் "பாட்டில் எங்க?" என்றுதான் கேட்டார். யாரோ சொல்லி அவர் சம்சாரம் ஓடி வந்தது. அந்த அக்கா கூடையில் மங்குஸ்தான் வைத்து விற்கும். புருஷன் வாயைத் துடைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்தது.

துண்டு பிடித்தவர் என்னிடம் வந்தார். "ஏலே, இது உன்னோட இருக்கட்டும். வலிப்புக்காரன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தன் அவன் கைக்கு முதுகு குடுப்பானா? சீசனே போச்சு."

அப்போதுதான் அந்த மாத்திரை எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. அக்காவும் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"நீதான தம்பி, அந்த மாத்திரயக் கொண்டு வராதவன்?"

அதுவரை என்னை யாரும் நான் கொண்டு வராத சரக்கை வைத்து அடையாளம் சொன்னதில்லை. "ஆமாக்கா" என்றேன்.

"ஏன் கொண்டு வரல?"

பொய் சொல்ல எனக்கு எப்போதும் நாலு வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "அதுல எனக்கு ஒண்ணும் கெடைக்காதுக்கா."

"எவ்வளவு கெடைக்கும்?"

"ஒரு மாசத்துக்குச் சேத்து ஒரு பைசாவுல ஒரு ஓரம்."

அக்கா கூடையில் கையை விட்டு ஒரு மங்குஸ்தானை எடுத்து என் கையில் வைத்தது. "இந்தா. இதுல ஒரு கடி கடிச்சுட்டு மிச்சத்தத் திருப்பித் தா. ஒனக்கு அதே கூடுதலு."

நான் முழுசும் தின்றேன். வெட்கமாக இருந்தது. பழம் நன்றாகவும் இருந்தது.

மறுநாள் என் லைன் இல்லை என்றாலும் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். அது ஆயிரம் மாத்திரை டப்பாவாகத்தான் வரும். மொத்தக் கடையில் டப்பாவைப் பிரித்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை. பாய் டப்பாவைப் பார்த்தார்.

"ஆயிரமா? வச்சிக்கிட்டு நான் என்ன பல்லாங்குழியா ஆட?"

"வைங்க பாய். அண்ணாச்சிக்கு வேணும்லா."

"அவரு ஒரு ஆளுக்கு மூணு வருசம் வரும்ல. அதுக்குள்ள பூசணம் பூத்துப் போவும். இதுல எனக்கு என்ன கெடைக்கும்? இத்தன வாரமா நீ ஒனக்குள்ள கேட்ட அதே கேள்விதான் மருமவனே, நானும் கேக்கேன்."

கடை வாசலிலேயே டப்பாவை உடைத்தேன். முப்பது மாத்திரை எண்ணிப் பொட்டலம் மடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் தொள்ளாயிரத்து எழுபதோடு தென்காசிக்குத் திரும்பினேன்.

"ஏலே மூதி," என்றார் முதலாளி, "பிரிச்ச டப்பாவ இனிம எவன்ட்ட விக்க?"

"எல்லாக் கடைக்கும் கொஞ்சங் கொஞ்சம் பங்கு வச்சுக் குடுப்போம் மொதலாளி."

"பங்கு வைக்கது யாரு? ஒனக்கு அதுல என்ன வரும்?"

"வெலயில பங்கு தாறதாலதான் இந்தக் கூத்து. எனக்கு எண்ணிக்கைல தாங்க. டானிக்கோ மாத்திரயோ, ஒரு சாமான் எறங்குனா இவ்வளவுன்னு."

அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். டானிக்கில் எனக்குப் போகிறது குறையும் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். டப்பாவை எத்தனை பொட்டலம் போட்டாலும் அது ஒரே சாமான்தான்.

எனக்கு ஒரு வாரம் தாங்கியது அந்த நல்ல புத்தி. எண்ணிக்கைதான் கணக்கு என்றால், பொடிசாகவும் மலிவாகவும் நிறையவும் இருப்பது எது என்று கடைக்குள் தேடினேன். கால் ஆணி பிளாஸ்திரி இருந்தது. அடுத்த ரெண்டு வாரத்தில் தென்காசியிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் தோரணம் மாதிரி கால் ஆணி பிளாஸ்திரி தொங்கியது. பொட்டலம் போடுகிற வேலை, அதில் காசு இல்லாததால், அப்படியே கிடந்தது. அண்ணாச்சியின் பொட்டலத்தில் ஏழெட்டு மாத்திரைதான் மிச்சம் இருக்கும் என்று தெரியும். நாளைக்கு மடிக்கலாம் என்று நினைத்தேன்.

பிளாஸ்திரி எல்லாம் மூட்டையாகத் திரும்பி வந்ததும் முதலாளி என்னோடு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தூக்கிப் போட்டார். அட்டையில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"இனிம நீ எதையும் விக்க வேண்டாம். ஆளு வந்து கேட்டு, கடக்காரன் எத இல்லன்னு சொல்லி அனுப்புதானோ, அத இதுல எழுதச் சொல்லு. அடுத்த நடைல கொண்டு போனா ஒனக்குத் துட்டு. கொண்டு போகலன்னா அதே துட்டு பிடிப்பேன்."

இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனை. கெடுத்தது கடைக்காரர்கள்தான். இத்தனை நாள் நான் அவர்களைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது பேனா அவர்கள் கையில். பாய் முதல் வரியாக 'வாய் அடங்க மருந்து, அவசரம்' என்று எழுதினார். செங்கோட்டையில் 'வரதட்சணை கேக்காத மாப்பிள்ளை, ஒன்று' என்று எழுதினார்கள். புளியறையில் 'யானைக்குச் சளி மருந்து' என்று இருந்தது. அதையும் கேலி என்று விட்டுவிட்டேன். பார்த்தால் மரத்தடி இழுக்கிற யானை ஒன்றுக்கு நிஜமாகவே சளி. அதற்குத்தான் முதலாளி முதன்முதலாக என்னிடம் துட்டுப் பிடித்தார்.

எது நிஜம், எது கேலி என்று முதலாளிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டார்: யாருக்கு மருந்தோ அவர் பேரும் ஊரும் நோட்டில் இருக்க வேண்டும். பேர் இல்லாவிட்டால் சரக்கு இல்லை.

நோட்டோ ஒன்றுதான். எல்லாக் கடைக்கும் அதுவே போகும். நான் டீ குடித்து முடிப்பதற்குள் யாருக்கு மூலம், யாருக்குப் படை என்று ஒவ்வொரு கடைக்காரரும் முதல் பக்கத்திலிருந்து படித்துவிடுவார்.

அன்றைக்குக் குற்றாலத்தில் பாய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே அண்ணாச்சியும் அக்காவும். மாத்திரை நேற்றோடு தீர்ந்திருந்தது.

"பேர எழுதலன்னா மாத்திர வராது. எழுதுனா நாளைக்குச் செங்கோட்ட வரைக்கும் தெரியும். என்னவே செய்ய?"

"எழுதாதீங்க பாய். நான் தென்காசிக்குப் போயிக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

"பாறை?"

அண்ணாச்சி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேர எழுதுங்க. எனக்குன்னு இருக்கட்டும்" என்றது அக்கா.

"ஒனக்குன்னு எழுதுனா ஒன் கூடைல எவன் பழம் வாங்குவான்? ஒங்க வீட்டுச் சோறு அதுலயும்லா வருது."

எனக்கு அமைதியாக இருக்கிற இடத்தில் நிற்கவே வராது. "எம் பேர எழுதும் பாய்" என்றேன்.

"ஒனக்கு வலிப்பா?"

"இல்லன்னா எழுதக் கூடாதா? அந்த மாப்பிள்ளய எழுதுனாங்களே, அவன் மட்டும் இருக்கானா?"

பாய் எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. முப்பது மாத்திரையை அன்று சாயங்காலமே பொட்டலமாக மடித்துப் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரெண்டு நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். முன்னால் நோட்டு விரிந்து கிடந்தது.

"உக்காருப்பா."

நான் அந்தக் கடையில் சேர்ந்து மூன்று வருஷம். 'லே' இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"எத்தன நாளா இருக்கு?"

உடைத்த டப்பாவைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒரு மாசமா மொதலாளி" என்றேன்.

"வீட்டுல தெரியுமா?"

"வீட்டுக்கு என்னத்துக்கு? நானே பாத்துக்கிடுதேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து, பூட்டு தொலைந்துபோன மூன்று துருப்பிடித்த சாவிகளைக் கயிற்றில் கோத்து என் கையில் வைத்து மூடினார். "இரும்பு. எப்பவும் மடியில இருக்கட்டும்" என்றார். வலிப்பு வந்தவன் கையில் சாவி வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே யாருக்கு என்பதாகத்தான் இருக்கும். சீசன் முடிய இன்னும் சில வாரம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அது அவருக்கு இன்னும் துக்கமாகப் போய்விட்டது.

"இனிம சைக்கிளத் தொடாத. எறக்கத்துல எங்கனயாவது விழுந்து வச்சேன்னா நான் ஒங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்ல? பஸ்ஸுல போ. கமிஷன் கமிஷன்னு நாயா ஓடுனல்லா, அதான் ஒடம்பு இப்பிடி ஆயிட்டு. மாசம் இவ்வளவுன்னு போட்டுத் தாறேன். வித்தாலும் அதான், விக்காட்டாலும் அதான்."

இப்படித்தான் எனக்குச் சம்பளம் வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு அதோடு முடிந்துபோனது. செங்கோட்டைக் கடையில் போய் நின்று வழக்கம்போல் டானிக்கைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் எதற்குச் சொல்கிறோம் என்று மறந்துவிட்டது. நோட்டில் என்ன இருந்ததோ அதைக் கொண்டுபோனேன். பொட்டலம் மடிப்பதற்கும் பெட்டி தூக்குவதற்கும் ஒரே சம்பளம், பொட்டலம் கனமில்லை.

ஊரில் நான் வலிப்புக்காரன் ஆனேன். கடைக்குள் கால் வைத்ததும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். நான் சிரித்தால்கூட, 'ரொம்பச் சிரிக்காதல' என்பார்கள். நான் கேலி பண்ணினாலும் ஒரு பயலும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீரகேரளம்புதூரில் ஒரு வீட்டிலிருந்தும் சுரண்டையில் ரெண்டு வீட்டிலிருந்தும் 'அந்த லைன்காரப் பையன் சாப்பிடுத மாத்திர இருக்கா' என்று கேட்டு ஆள் வந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் மாத்திரையும் பூப்பதற்கு முன்னால் தீர்ந்தது.

ஆவணி பிறந்து அருவியில் கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் அண்ணாச்சி என்னைப் பாறையில் உட்கார வைத்து ஓசியில் எண்ணெய் தேய்த்துவிட்டார். அந்த சீசன் முழுக்க அவர் பாட்டில் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை, அவரும் விழவில்லை. அக்கா பக்கத்தில் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தது.

"எங்களால ஒனக்குக் கெட்ட பேரு ஆயிப் போச்சே. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றது அக்கா.

"சீசன்தான் முடிஞ்சிட்டுல்லா," என்றார் அண்ணாச்சி. "நான் தென்காசிக்கு வந்து ஒங்க மொதலாளிட்ட, எனக்குத்தான், அவனுக்கு ஒண்ணும் கெடயாதுன்னு சொல்லிருதேன். நாளைக்கே வாறேன்."

நான் பதறி எழுந்தேன். எண்ணெயில் வழுக்கி மறுபடி உட்கார்ந்தேன்.

"சும்மா கெடயும் அண்ணாச்சி. நீரு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிருவீரு. அவரு மறுபடி கமிஷனுக்கு மாத்திருவாரு."

"அதுக்கு?"

"அதுக்கா? பொறவு ஒமக்கு மாத்திர கொண்டு வாறது யாரு?"

அண்ணாச்சி கையில் இருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அக்காதான் எழுந்து, "அப்பம் பாய் கட பூட்டுததுக்கு முன்ன போயி இந்த மாசத்துக்கு எழுதிட்டு வாங்க" என்றது. மூன்று பேரும் போனோம். பாய் ஒன்றும் கேட்காமல் நான் நீட்டிய நோட்டை விரித்து என் பேரை எழுதினார்.